சைக்கிள் ஃபிரேம் பிரேசிங்: எந்த ரெகுலேட்டரை வாங்குவது?

சைக்கிள் ஃபிரேம் கட்டக் கிளம்புகிறவர்கள் டார்ச்சைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைக்கூட, சிலிண்டரில் உள்ள வாயுவின் உயர் அழுத்தத்தைக் குறைத்து டார்ச்சுக்கு அனுப்பும் கருவியான ரெகுலேட்டருக்குக் கொடுப்பதில்லை. வெல்டிங் சாமான் கடையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து சிலிண்டரில் முடுக்கிவிடுகிறார்கள். அப்படி எடுத்துக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் தடித்த இரும்புத் தகட்டை வெட்டுவதற்கென்று செய்யப்பட்ட, 10 பார் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) வரை அழுத்தம் தரக்கூடிய பெரிய ரெகுலேட்டராக இருக்கும். அது மட்டமான பொருள் அல்ல. தகடு வெட்டுகிறவருக்கு அது சரியான கருவிதான். ஆனால் ஃபிரேம் வேலையில் நமக்கு வேண்டியது 0.14 பார், மிஞ்சிப் போனால் 0.3 பார். எனவே, ஒரு ரெகுலேட்டர் எவ்வளவு அதிகமாகத் தரும் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு குறைவான அழுத்தத்தை ஆடாமல் அசையாமல் பிடித்து வைக்கும் என்று பார்ப்பதே இந்த வேலைக்குப் பொருந்தும் அளவுகோல்.

ஏன் இவ்வளவு சிறிய அழுத்தம் என்பதற்கு ஃபிரேமின் குழாயே பதில் சொல்லும். 1935இல் வெளிவந்து பிரிட்டிஷ் சைக்கிள்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ரெனால்ட்ஸ் 531 போன்ற எஃகுக் குழாய்கள், முனைகளில் சற்றே தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 மில்லிமீட்டர் என்பது பலருக்கும் பழக்கமான அளவு. இந்தக் குழாயை லக் என்ற இணைப்புக் குவளைக்குள் செருகி, குழாயை உருக்காமல், இடைவெளிக்குள் வேறொரு உலோகத்தை உருக்கி ஓடவிடுவதே பிரேசிங். 56 சதவீத வெள்ளி கலந்த கம்பி ஏறத்தாழ 620 முதல் 650 டிகிரி செல்சியஸுக்குள் உருகி ஓடிவிடும். பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆக்சிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்த சுடரின் உள்கூம்பு முனையிலோ சூடு 3,100 டிகிரி அளவில் இருக்கிறது. 650 டிகிரியில் நிறுத்த வேண்டிய மெல்லிய குழாயை 3,100 டிகிரிச் சுடரால் சூடாக்குகிறோம் என்றால், அந்தச் சுடர் சிறியதாகவும் மென்மையாகவும், வேலை முடியும்வரை ஒரே தன்மையுடனும் இருந்தாக வேண்டும். சுடரின் அளவை டார்ச்சின் முனையில் மாட்டும் நாசிலும் டார்ச்சின் வால்வுகளும் தீர்மானிக்கின்றன; அது மாறாமல் நிற்பதற்கு ரெகுலேட்டரே பொறுப்பு.

உள்ளே நடப்பது என்ன

ரெகுலேட்டரின் உள்ளமைப்பு சிக்கலானதல்ல. சிலிண்டர் பக்கத்திலிருந்து வாயு வருகிற சிறு துளையை ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ரப்பராலோ மெல்லிய உலோகத் தகட்டாலோ ஆன வட்டமான டயஃப்ரம் இருக்கும். வெளியே தெரியும் திருகை உள்ளே முடுக்கினால் அது ஒரு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் தள்ள, டயஃப்ரம் வால்வைத் திறக்கிறது. வாயு உள்ளே புகுந்து அழுத்தம் ஏறியதும், அந்த அழுத்தமே டயஃப்ரத்தைப் பின்னுக்குத் தள்ளி வால்வை மூட முயல்கிறது. ஸ்பிரிங்கின் விசையும் வாயுவின் விசையும் சமமாகும் இடத்தில் வால்வு பாதி திறந்த நிலையில் நின்றுகொள்ளும். டார்ச் வாயுவை எடுக்க எடுக்க இந்தச் சமநிலை நொடிக்கு நொடி தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வாயு ஓடாதபோது இருக்கும் அழுத்தமும் ஓடும்போது இருக்கும் அழுத்தமும் ஒன்றாக இருக்காது. ஓடத் தொடங்கியதும் அழுத்தம் சற்று இறங்கும். ஆகவே டார்ச்சின் வால்வைத் திறந்து வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அழுத்தத்தை அமைக்க வேண்டும். இரண்டாவது செய்தி, டயஃப்ரம் அகலமாக இருந்தால் சிறிய அழுத்த மாற்றத்துக்கும் அது அசைந்து கொடுக்கும். கைக்குள் அடங்கும் மிகச் சிறிய மலிவான ரெகுலேட்டர்கள் குறைந்த அழுத்தத்தில் தடுமாறுவதற்கு அவற்றின் குறுகிய டயஃப்ரமும் ஒரு காரணம். பிரேசிங் வேலை சிறியது, எனவே ரெகுலேட்டரும் சிறியதாக இருக்கட்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் டயஃப்ரத்தின் விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

எவ்வளவு வாயு, எவ்வளவு அழுத்தம்

பிரிட்டனில் வழங்கும் நாசில் எண்களை எடுத்துக்கொண்டால் அளவு விளங்கும். 3ஆம் எண் நாசில் ஒவ்வொரு வாயுவிலும் மணிக்கு ஏறத்தாழ 86 லிட்டர் எடுக்கும். 5ஆம் எண் 140 லிட்டர். 7ஆம் எண் 200 லிட்டர். இந்த மூன்றுக்கும் பரிந்துரைக்கப்படும் அழுத்தம் ஆக்சிஜனுக்கும் அசிட்டிலீனுக்கும் ஒரே 0.14 பார்தான், அதாவது 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு). பின்பக்க மெல்லிய குழாய்களை வெள்ளிக் கம்பியால் இணைப்பதற்கு 3ஆம் எண்ணும், லக் வேலைக்கு 5ஆம் எண்ணும், பெடல் அச்சு சுழலும் கனமான பாட்டம் பிராக்கெட் குவளையைச் சூடேற்ற 7ஆம் எண்ணும் இருந்தால் ஒரு ஃபிரேமைக் கட்டி முடித்துவிடலாம். ஹோஸிலும், சுடர் ஹோஸுக்குள் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பின்தீத் தடுப்பானிலும் கொஞ்சம் அழுத்தம் கரையும் என்பதால் ரெகுலேட்டரில் 0.2 அல்லது 0.3 பார் வைப்பது வழக்கம். அமெரிக்க ஃபிரேம் கட்டுநர்கள் விரும்பும் விக்டர் ஜே-28, ஸ்மித் ஏ.டபிள்யூ.1ஏ போன்ற சிறு டார்ச்சுகளும் சில பி.எஸ்.ஐ. அழுத்தத்திலேயே வேலை செய்கின்றன.

இப்போது ரெகுலேட்டரில் பொருத்தியிருக்கும் மானியைப் பாருங்கள். வெட்டு வேலைக்கான ஆக்சிஜன் ரெகுலேட்டரின் வெளியேற்ற மானி, அதாவது டார்ச்சுக்குப் போகும் அழுத்தத்தைக் காட்டும் மானி, 0 முதல் 16 பார் வரை காட்டும். வெல்டிங் மானிகளில் பரவலாக உள்ள 2.5 என்ற துல்லிய வகுப்பு, முழு அளவில் 2.5 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. 16 பாரில் 2.5 சதவீதம் என்பது 0.4 பார். நாம் வைக்கப்போகும் அழுத்தமே 0.2 பார் என்னும்போது, மானிக்கு அனுமதிக்கப்பட்ட பிழை அதைப்போல் இருமடங்காக இருக்கிறது. முள் தொடக்கத் தடுப்பை விட்டு நகர்ந்ததா இல்லையா என்பதைக்கூட அதில் சொல்ல முடியாது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்துப் பார்ப்பதைப் போன்றது இது. 0 முதல் 2.5 பார் வரையுள்ள மானியில் அதே வகுப்பின் பிழை 0.06 பார்தான், 0 முதல் 4 பார் மானியில் 0.1 பார். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, வெளியேற்ற மானியின் உச்ச எண் என்ன என்பதே. 2.5 அல்லது 4 என்றால் மேற்கொண்டு பேசலாம். 10, 16 என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேறொன்றைக் காட்டச் சொல்வது நல்லது. மானியை மட்டும் கழற்றிச் சிறிய அளவுள்ளதை மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். திருகைத் தவறிப்போய் அதிகம் முடுக்கினால் 10 பார் வெளியே வரும் ரெகுலேட்டரில் 2.5 பார் மானி வெடித்துத் தெறிக்கக்கூடும் என்பதால் அந்த வழி வேண்டாம்.

ஒற்றை நிலையா, இரட்டை நிலையா

புதியவர்களை அதிகம் குழப்புவது இந்தக் கேள்வி. ஒற்றை நிலை ரெகுலேட்டர் சிலிண்டரின் அழுத்தத்தை ஒரே தாவலில் வேலை அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. இரட்டை நிலையில், முதல் பகுதி ஒரு நடுத்தரமான நிலையான அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுக்க, இரண்டாம் பகுதி அதிலிருந்து வேலை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. வித்தியாசம் எங்கே வெளிப்படும் என்றால், சிலிண்டர் காலியாகும்போது. பரவலாக உள்ள ஒற்றை நிலை அமைப்பில், சிலிண்டரின் உயர் அழுத்தம் வால்வை மூடும் திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் காலியாக ஆக அந்தத் தள்ளல் குறைகிறது. ஸ்பிரிங்கின் கை ஓங்கி, வெளியேறும் அழுத்தம் மெல்ல ஏறுகிறது. சிலிண்டரில் அழுத்தம் குறையும்போது டார்ச்சுக்கு வருவதும் குறையும் என்று நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு.

இந்த ஏற்றம் எவ்வளவு என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக, வால்வுத் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர், டயஃப்ரத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்புகளின் விகிதம் ஏறத்தாழ 1க்கு 280. அப்படியானால் சிலிண்டர் அழுத்தம் 90 பார் இறங்கும்போது வெளியேறும் அழுத்தம் 0.32 பார் ஏறும். 4 பாரில் தகடு வெட்டுகிறவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். 0.2 பாரில் பிரேசிங் செய்கிறவருக்கோ இது அமைத்த அழுத்தத்தைவிடப் பெரிது.

இதைப் படித்துவிட்டு உடனே இரட்டை நிலை ரெகுலேட்டர் வாங்க ஓடவும் வேண்டாம். ஒரு நாள் வேலையில் சிலிண்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5ஆம் எண் நாசிலில் சுடர் மூன்று மணி நேரம் எரிந்தால் ஆக்சிஜன் 420 லிட்டர் செலவாகும். 150 பாரில் 7 கன மீட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டரில் அது வெறும் 9 பார் இறக்கம். மேற்சொன்ன கணக்குப்படி வெளியேற்றத்தில் 0.03 பார் ஏற்றம், அதாவது கண்ணுக்கே தெரியாது. அதே வேலையை 1.5 கன மீட்டர் சிறு சிலிண்டரில் செய்தால் 42 பார் இறங்கி, 0.15 பார் ஏறும். லக்கின் ஓரத்தில் வெள்ளி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிஜன் கூடி, சுடரின் உள்கூம்பு குறுகிக் கூர்மையாகி, சீறத் தொடங்குவதைக் காணலாம். டார்ச் வால்வைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம்தான். ஆனால் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கம்பியுமாக இருக்கிற தொடக்கநிலையாளருக்கு மூன்றாவது கை கிடையாது. வீட்டுப் பட்டறையில் இடமில்லாமல் சிறு ஆக்சிஜன் சிலிண்டரை வைத்திருப்பவர் இரட்டை நிலைக்குச் செலவு செய்வது நியாயம். பெரிய சிலிண்டர் வைத்திருப்பவர், வேலையைத் தொடங்கும்போது ஒரு முறை அழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டால், நல்ல ஒற்றை நிலையே போதும் என்பது என் கருத்து.

அசிட்டிலீன் பக்கம் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. நிரம்பிய அசிட்டிலீன் சிலிண்டரிலேயே அழுத்தம் 15 முதல் 18 பார் அளவில்தான் இருக்கிறது. அது முழுவதும் இறங்கினாலும் வெளியேற்றத்தில் மாற்றம் சொற்பம். கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், ஆக்சிஜன் ரெகுலேட்டரில் போடுங்கள்.

அசிட்டிலீனின் தனிக் குணங்கள்

அசிட்டிலீனைச் சாதாரண வாயுவாக அழுத்தி வைக்க முடியாது. காற்றோ ஆக்சிஜனோ இல்லாமலேயே அது சிதைந்து வெடிக்கும் இயல்புடையது. அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். வெளியே வந்த பிறகு அதன் அழுத்தம் அமெரிக்க வழக்கப்படி 15 பி.எஸ்.ஐ.யை, அதாவது 1 பாரைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய வழக்கில் உச்ச வரம்பு 1.5 பார். அசிட்டிலீன் ரெகுலேட்டரின் மானியில் அந்த எல்லைக்கு மேல் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பது இதற்காகவே. சிவப்புப் பட்டை இல்லாத ரெகுலேட்டரை அசிட்டிலீனுக்கு மாட்டுவது கூடவே கூடாது. இதில் வேறொரு காரணமும் உண்டு: செம்பு மிகுந்த உலோகக் கலவையோடு அசிட்டிலீன் சேர்ந்தால் அதிர்வுக்கே வெடிக்கும் சேர்மம் உருவாகும் என்பதால், அசிட்டிலீன் ரெகுலேட்டரின் உள்பாகங்களை அதற்கேற்ற உலோகங்களில் செய்கிறார்கள்.

ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிலிண்டரின் கொள்ளளவை மீறி வாயு எடுக்கக் கூடாது. மணிக்கு மொத்தக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே என்பது பழைய விதி. விட்டு விட்டு எடுத்தால் பத்தில் ஒன்று, தொடர்ந்து எடுத்தால் பதினைந்தில் ஒன்று என்று இப்போது இறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.சி. என்று அழைக்கப்படும் குட்டிச் சிலிண்டரில் 10 கன அடி, அதாவது 280 லிட்டர்தான் இருக்கிறது. பழைய விதிப்படி பார்த்தாலும் மணிக்கு 40 லிட்டர்தான் எடுக்கலாம். 5ஆம் எண் நாசிலோ 140 லிட்டர் கேட்கிறது. மீறினால் வாயுவோடு அசிட்டோனும் கிளம்பி வந்து ரெகுலேட்டரின் டயஃப்ரத்தையும், வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் வால்வு இருக்கையையும் அரிக்கும். ரெகுலேட்டர் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள், குற்றம் சிலிண்டரின் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கப்போட்ட சிலிண்டரிலிருந்து எடுப்பதும் இதே கேட்டைத்தான் தரும்.

புரொப்பேன் வழி

அசிட்டிலீனைக் கையாளத் தயங்குகிறவர்கள் புரொப்பேனுக்குப் போகிறார்கள். அதன் சுடரில் சூடு ஏறத்தாழ 2,800 டிகிரி. பிரேசிங்கிற்கு அது தாராளம். புரொப்பேன் சிலிண்டரில் திரவமாக இருப்பதால், கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒற்றை நிலை ரெகுலேட்டரே போதும். ஆனால் அது திருகால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். சமையல் அடுப்புக்கான நிலையழுத்த ரெகுலேட்டர் இதற்கு உதவாது: பிரிட்டனில் புரொப்பேன் அடுப்புக்கு வரும் அழுத்தம் 37 மில்லிபார், நம் வீட்டு எல்.பி.ஜி. ரெகுலேட்டரில் ஏறத்தாழ 30 மில்லிபார். அதாவது 0.03 பார். அதை வைத்து டார்ச்சை ஓட்ட முயன்று, சுடர் ஏன் மங்கலாக வருகிறது என்று நாசிலைக் குடைந்துகொண்டிருப்பதில் பயனில்லை. (வீட்டுச் சிலிண்டரைப் பட்டறை வேலைக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டப்படி குற்றமும்கூட.) ஹோஸையும் மறந்துவிடக் கூடாது, அசிட்டிலீனுக்கு மட்டுமே ஏற்ற ரப்பரைப் புரொப்பேன் நாளடைவில் கெடுத்துவிடும்.

புரொப்பேன் தன்னைப் போல் சுமார் நான்கு மடங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அசிட்டிலீனுக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று போதும். இதனால் ஆக்சிஜன் சிலிண்டர் வேகமாகத் தீரும் என்பதால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மருத்துவ இயந்திரமான ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை இணைத்துக்கொள்ளும் ஃபிரேம் கட்டுநர்கள் பலர் உள்ளனர். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரத்தில் வெளியேறும் அழுத்தமே அரை பார் அளவில்தான் இருப்பதால் ஆக்சிஜன் பக்கம் ரெகுலேட்டரே தேவைப்படாது. அங்கே கவனிக்க வேண்டியது புரொப்பேன் பக்கம்தான்: அதை 1 பார், 2 பார் என்று வைத்துவிட்டால், நாசில் அடைபடும் நேரத்தில் எரிவாயு வலுக் குறைந்த ஆக்சிஜன் ஹோஸுக்குள் பின்னோக்கிப் புகுந்துவிடும். இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு கட்டாயம்; புரொப்பேன் அழுத்தம் ஆக்சிஜனுடையதைத் தாண்டாமல் இருப்பதும் கட்டாயம்.

மரையும் சுத்தமும்

எரிவாயுவுக்கான இணைப்புகளில் இடமரை, ஆக்சிஜனுக்கு வலமரை என்பது உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வழக்கம். எரிவாயு நட்டின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் சிலிண்டர் வால்வில் பொருந்தும் மரை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க ஆக்சிஜன் வால்வு, சி.ஜி.ஏ. என்ற அங்குள்ள வாயுத் துறைச் சங்கத்தின் எண்படி, 540 வகை; அங்கே அசிட்டிலீனுக்கு மட்டும் சிலிண்டரின் அளவைப் பொறுத்து 510, 520, 200 என்று மூன்று வகைகள் உண்டு. பிரிட்டனில் ஐந்தெட்டாம் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தரக் குழாய்) மரை. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குகிறவர்கள், தங்களுக்குச் சிலிண்டர் நிரப்பித் தருபவரிடம் மரையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். பொருந்தாத மரைக்கு அடாப்டர் தேடுவதும், டெஃப்லான் டேப்பைச் சுற்றி முடுக்குவதும் வேண்டாத வேலை. சிலிண்டர் இணைப்பில் கசிவைத் தடுப்பது உலோகமும் உலோகமும் பொருந்தும் முகம்தானே ஒழிய மரை அல்ல. உடம்பில் ஐ.எஸ்.ஓ. 2503 என்ற தர எண் பொறித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீஸும் தாமாகவே தீப்பற்றும் என்பதால், ஆக்சிஜன் ரெகுலேட்டரின் திருகு இறுக்கமாக இருக்கிறதென்று ஒரு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் உயிருக்கே உலை வைக்கும். சைக்கிள் பட்டறையில் கையில் எப்போதும் செயின் எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய ரெகுலேட்டரைச் சோதிப்பது

பயன்படுத்திய நல்ல ரெகுலேட்டர், புதிய மலிவு ரெகுலேட்டரைவிட மேலானதாக இருக்கலாம். ஆனால் அது ஊர்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். வால்வு இருக்கையில் தூசியோ கீறலோ இருந்தால், டார்ச்சை மூடிய பிறகும் வாயு உள்ளே கசிந்து, வெளியேற்ற அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜனில் இது எரிச்சலூட்டும் கோளாறு. அசிட்டிலீனில் 1 பார் எல்லையைச் சத்தமில்லாமல் தாண்டவைக்கும் ஆபத்து.

சோதிக்க, ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டி, ஹோஸையும் டார்ச்சையும் இணைத்து, டார்ச் வால்வை மூடிவையுங்கள். அழுத்தத் திருகை முழுவதும் வெளியே தளர்த்திய பிறகு, மானியின் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். ஆக்சிஜனைச் சட்டெனத் திறந்தால் அது உள்ளே அமுங்கும் வேகத்திலேயே சூடேறி வால்வு இருக்கையைப் பற்றவைக்கக்கூடும். இப்போது சிலிண்டர் மானி ஏறும், வெளியேற்ற மானி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அது நகர்ந்தாலே அந்த ரெகுலேட்டர் வேண்டாம். நகரவில்லை என்றால், டார்ச்சைச் சற்றுத் திறந்து வாயு ஓடும்போதே 0.3 பார் அமைத்துவிட்டு, டார்ச்சை மூடுங்கள். முள் ஒரு துளி ஏறி நின்றுவிடும், அது இயல்பு. பத்து நிமிடம் அப்படியே விட்டு, முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மூடி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். முள் ஏறிக்கொண்டே போனால், விற்பவர் என்ன சொன்னாலும், அதைத் திறந்து வால்வு இருக்கையை மாற்றத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்த பிறகே சுடர் மூட்ட வேண்டும். அதற்கான கூலியையும் சேர்த்தால் புதிய ரெகுலேட்டரின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுமானால், வாங்காமல் திரும்புவதே லாபம்.